310-இல் போகிறேன், இலக்கு 40-இல்: எந்தப் பக்கம் திரும்புவது?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். என்னைப் போலவே பார்வை இல்லாதவர், காதால் கேட்டே ஆடும் விமான கேம்களுக்கு இப்போதுதான் வந்திருக்கிறார். "அண்ணே, கேம்ல ஹெடிங் 310-னு சொல்லுது. இலக்கு பேரிங் 40, தூரம் 12 மைல்னு சொல்லுது. 40 சின்ன நம்பர்தானே, குறையணும்னு இடது பக்கம் திருப்பினேன். சுத்திக்கிட்டே இருக்கேன், இலக்கு கையில சிக்கவே மாட்டேங்குது. டிகிரின்னா எனக்கு வெயில் டிகிரி, காய்ச்சல் டிகிரிதான் தெரியும்."

தம்பி, ஹெடிங் என்பது நீங்கள் பார்த்துப் போகிற திசை, பேரிங் என்பது இலக்கு இருக்கிற திசை. நீங்கள் வலது பக்கம் 90 டிகிரி திரும்பியிருக்க வேண்டும். இடது பக்கம் போனாலும் என்றைக்காவது 40 வரும்தான், ஆனால் 270 டிகிரி சுற்றிக்கொண்டு வரும். அதற்குள் இலக்கு வேறு எங்கோ போயிருக்கும், நீங்கள் மறுபடி துரத்துவீர்கள், மறுபடி சுற்றுவீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் ஆரம்பத்தில் 350-இலிருந்து 10-க்குப் போக இடது பக்கமாக முழு வட்டம் அடித்து, எரிபொருள் தீர்ந்து கீழே விழுந்தவன்தான். வெறும் 20 டிகிரி வேலை அது.

முதலில் ஒரு விஷயம். நம் டெல்டாக்காரர்களுக்குத் திசை சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. "தெக்கால கொஞ்சம் தள்ளி உக்காரு", "அந்தச் சொம்பை மேக்கால வை" என்று வீட்டுக்குள்ளேயே பேசுகிற ஊர் இது. மேலத்தெரு என்றால் மேற்கே இருப்பது, கீழத்தெரு என்றால் கிழக்கே இருப்பது. நிலமே மேற்கிலிருந்து கிழக்கே சரிந்து கிடக்கிறது, ஆறும் வாய்க்காலும் அப்படித்தான் ஓடுகின்றன. நீங்கள் எந்தப் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்தாலும் மேற்கு மேற்குதான், அது உங்களோடு சேர்ந்து திரும்பாது. காம்பஸ் சொல்வதும் இதைத்தான், பெயருக்குப் பதிலாக எண்ணால் சொல்கிறது, அவ்வளவுதான். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270, மறுபடி வடக்குக்கு வரும்போது 360. அதாவது 0-வும் 360-உம் ஒரே இடம். மூலைகளும் உங்களுக்குத் தெரிந்தவைதான்: ஈசானியம் 45, அக்னி மூலை 135, கன்னி மூலை 225, வாயு மூலை 315.

இப்போது உங்கள் கேள்வியை மறுபடி படியுங்கள். ஹெடிங் 310, அதாவது ஏறக்குறைய வாயு மூலையைப் பார்த்து நிற்கிறீர்கள். இலக்கு 40, அதாவது ஏறக்குறைய ஈசானியத்தில் இருக்கிறது. வீட்டு நடுக்கூடத்தில் வாயு மூலையைப் பார்த்து நின்றுகொண்டு, ஈசானியம் எந்தக் கைப்பக்கம் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். யோசிக்காமல் வலது கை என்பார். எண்ணாகக் கேட்டதால்தான் நீங்கள் குழம்பினீர்கள்.

திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் திரும்பும் கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது. தேர் கீழ வீதியில் நிலையை விட்டுக் கிளம்பித் தெற்கே போகும். அப்போது அதன் ஹெடிங் 180. அக்னி மூலையில் வலது பக்கம் திரும்பித் தெற்கு வீதியில் மேற்கே போகும், ஹெடிங் 270. கன்னி மூலையில் மறுபடி வலது, மேல வீதியில் வடக்கே, 360. வாயு மூலையில் மறுபடி வலது, வடக்கு வீதியில் கிழக்கே, 90. ஈசானிய மூலையில் கடைசியாக ஒரு வலது, திரும்ப 180, நிலைக்கு வந்துவிடும். நான்கு திருப்பமும் வலதுதான், அதனால்தானே வலம் வருவது என்கிறோம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் 90 கூடிக்கொண்டே போகிறது. வலம் வந்தால் எண் ஏறும், இடம் வந்தால் இறங்கும். ஒரே ஒரு மூலையில்தான் வலது பக்கம் திரும்பியும் எண் சரிந்த மாதிரி தெரிகிறது, 360-இலிருந்து 90-க்கு. உண்மையில் அது 450, 360-ஐத் தாண்டியதும் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டோம். நீங்கள் மாட்டிக்கொண்டதும் அந்த வடக்கைத் தாண்டுகிற இடத்தில்தான், புதிதாக வருகிற எல்லோரும் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

கணக்காகவே வேண்டுமென்றால்: இலக்கின் எண்ணிலிருந்து உங்கள் ஹெடிங்கைக் கழியுங்கள். மைனஸில் போனால் 360-ஐக் கூட்டுங்கள். வருகிற விடை 180-க்குள் இருந்தால் அத்தனை டிகிரி வலது. 180-ஐத் தாண்டினால் 360-இலிருந்து அதைக் கழியுங்கள், அத்தனை டிகிரி இடது. உங்களுடைய 40-இலிருந்து 310-ஐக் கழித்தால் மைனஸ் 270, 360-ஐக் கூட்டினால் 90, ஆக வலது 90. இன்னொன்று பார்ப்போம், ஹெடிங் 20, இலக்கு 340. கழித்தால் 320, அது 180-ஐத் தாண்டிவிட்டது, 360-இலிருந்து கழித்தால் 40, ஆக இடது 40. நேர் எதிர்த்திசை வேண்டுமென்றால் 180-ஐக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும், மனக்கணக்கில் அது சிரமமாக இருந்தால் 200-ஐக் கூட்டி 20-ஐக் கழியுங்கள் (அல்லது 200-ஐக் கழித்து 20-ஐக் கூட்டுங்கள்), சட்டென்று வந்துவிடும்.

ஆனால் ஏவுகணை பின்னால் வந்துகொண்டிருக்கும்போது இந்தக் கழித்தல் கூட்டல் எல்லாம் ஓடாது. அதற்கு விரல் பழக வேண்டும். எனக்கு என் அக்கா செய்து கொடுத்ததைச் சொல்கிறேன். ஒரு கனமான அட்டையைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக வெட்டி, ஓரத்தில் 12 இடங்களில் புளியங்கொட்டைகளைக் கடிகாரம் மாதிரி ஒட்டினார். உச்சியில் மட்டும் இரண்டு கொட்டை, அது வடக்கு. ஒவ்வொரு கொட்டைக்கும் 30 டிகிரி. பிரெய்ல் கைக்கடிகாரம் வைத்திருப்பவருக்கு இது புதிதே இல்லை: 12 மணி 360, 3 மணி 90, 6 மணி 180, 9 மணி 270. இடது ஆள்காட்டி விரலை என் ஹெடிங் இருக்கிற கொட்டையில் வைப்பேன், வலது ஆள்காட்டி விரலை இலக்கு இருக்கிற கொட்டையில் வைப்பேன். எந்தப் பக்கம் குறைவான கொட்டைகளைத் தாண்ட வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பம். 310-க்கு இடது விரல் பத்தாவது கொட்டையைச் சற்றுத் தாண்டி நிற்கும், 40-க்கு வலது விரல் முதல் கொட்டையைச் சற்றுத் தாண்டி நிற்கும், நடுவில் உச்சிக் கொட்டை வழியாக மூன்று தாவல். மூன்று தாவல் என்றால் 90. ஒரு மாதத்தில் அட்டை தேவைப்படாமல் போய்விட்டது, இப்போதும் விரல் மட்டும் மேசையில் தானாக நகரும்.

அடுத்து ஹெடிங், பேரிங் என்ற இரண்டு சொற்களைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஹெடிங் என்பது உங்கள் விமானத்தின் மூக்கு பார்க்கிற திசை. பேரிங் என்பது (பம்புசெட் பேரிங் இல்லை) நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து இலக்கு இருக்கிற திசை. இரண்டும் ஒரே எண்ணானால் நேராக அதை நோக்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சில கேம்கள் பேரிங்கை வடக்கிலிருந்து எண்ணிச் சொல்லும், சில கேம்கள் உங்கள் மூக்கிலிருந்து எண்ணிச் சொல்லும். இரண்டாவது வகையில் 40 என்றால் "உனக்கு வலது பக்கம் 40" என்று பொருள், அது "மேக்கால" மாதிரி இல்லை, "உன் வலது கைப்பக்கம்" மாதிரி. மணிக்கணக்கில் சொல்வதும் இந்த வகைதான், 3 மணி என்றால் நேர் வலது, 6 மணி என்றால் முதுகுக்குப் பின்னால். உங்கள் கேம் எந்த வகை என்று கையேட்டில் தேட வேண்டாம். தூரத்தில் ஓர் இலக்கைப் பிடித்து அதன் எண்ணைக் கேளுங்கள், விமானத்தை 30 டிகிரி திருப்பி உடனே மறுபடி கேளுங்கள். எண் கிட்டத்தட்ட அப்படியே இருந்தால் வடக்கிலிருந்து எண்ணுகிறது. அதுவும் 30 மாறியிருந்தால் மூக்கிலிருந்து எண்ணுகிறது. மூக்கிலிருந்து எண்ணுகிற கேமில் மேலே சொன்ன கழித்தல் வேண்டாம், அது ஏற்கெனவே கழித்துத்தான் சொல்கிறது. திரீ-டி வெலாசிட்டி மாதிரி போர் விமான கேமானாலும், யூரோஃப்ளை மாதிரி ஊர் விட்டு ஊர் பறக்கிற கேமானாலும் இந்தச் சோதனையை முதல் நாளே செய்துவிடுங்கள்.

டிகிரி என்ற சொல்லே கேமில் மூன்று இடங்களில் வரும் என்பதையும் கவனியுங்கள். மூக்கு எந்தத் திசை என்பது ஒன்று, மூக்கு எவ்வளவு மேலே தூக்கியிருக்கிறது என்பது ஒன்று, இறக்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது ஒன்று. "30 டிகிரி" என்று ஸ்க்ரீன் ரீடர் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) சொன்னதும் திசை என்று நினைத்துவிடாதீர்கள், சாய்வாக இருக்கலாம்.

சாய்வு என்றதும் மறுபடி தேர்தான் ஞாபகம் வருகிறது. ஆழித்தேர் முனைக்கு வந்தபிறகு திருப்பலாம் என்று நினைத்தால் எதிர்வீட்டுத் திண்ணையில்தான் நிற்கும், முட்டுக்கட்டை போடுகிறவர் முன்கூட்டியே போட்டாக வேண்டும். விமானமும் அப்படித்தான். 90 வந்ததும் நேராக்கலாம் என்று காத்திருந்தால் நேராவதற்குள் 100-க்குப் போய்விடும், பிறகு இடது பக்கம் இழுப்பீர்கள், 80-க்குப் போய்விடும், இப்படியே ஆடிக்கொண்டிருப்பீர்கள். விமானிகள் பழகும் அளவு, சாய்வில் பாதி. 30 டிகிரி சாய்வில் திரும்பினால், வேண்டிய ஹெடிங்குக்கு 15 டிகிரி முன்பே நேராக்க ஆரம்பிக்க வேண்டும். அப்புறம், நிஜ விமானங்களில் வழக்கமான திருப்பம் நொடிக்கு 3 டிகிரி, அதாவது 90-க்கு அரை நிமிடம், முழு வட்டத்துக்கு 2 நிமிடம். கேமில் போர் விமானம் இதைவிட வேகமாகத் திரும்பும். உங்கள் கேமில் எத்தனை என்று தெரிந்துகொள்ள, ஒரு சாய்வில் வைத்துப் பத்து நொடி எண்ணி, ஹெடிங் எவ்வளவு மாறியது என்று பாருங்கள். பிறகு எண்ணைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, மனதுக்குள் நொடி எண்ணியே திரும்பலாம்.

காதை மட்டும் நம்பி ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹெட்செட்டில் இலக்கின் சத்தம் நட்டநடுவில் கேட்டால் அது நேர் முன்னால் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நேர் பின்னால் இருந்தாலும் நட்டநடுவில்தான் கேட்கும். நான் பல நாள் இலக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழு வேகத்தில் பறந்திருக்கிறேன், சத்தம் ஏன் தேய்கிறது என்று புரியாமல். சந்தேகம் வந்தால் சற்று வலது பக்கம் திருப்புங்கள். சத்தம் இடது காதுக்கு நகர்ந்தால் இலக்கு முன்னால் இருக்கிறது. வலது காதுக்கு நகர்ந்தால் பின்னால் இருக்கிறது. இதோடு தூரத்தையும் சேர்த்துக் கேளுங்கள், குறைகிறதா கூடுகிறதா என்று. அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இலக்கைக் கடக்கும்போது வரும் குழப்பமும் இதே ஜாதிதான். 90-இல் போகிறீர்கள், பேரிங் 90, தூரம் 3, 2, 1 என்று அழகாக வருகிறது. திடீரென்று பேரிங் 270 என்கிறது. கேம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், இலக்கின் தலைக்கு மேலே கடந்துவிட்டீர்கள், இப்போது அது உங்கள் முதுகுக்குப் பின்னால். நெருங்க நெருங்க பேரிங் எண் பைத்தியம் பிடித்த மாதிரி மாறும். 10 மைல் தூரத்தில் பேரிங்கை ஒரு டிகிரிகூட அசைக்காத சிறு விலகல், அரை மைல் தூரத்தில் பெரிய கோணமாகத் தெரியும். ஆகவே கடைசி ஒரு மைலில் எண்ணைத் துரத்தாதீர்கள், ஹெடிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் போங்கள்.

ஒரு டிகிரி தவறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். விமானிகளிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது: 60 மைல் பறந்தால், ஒரு டிகிரிக்கு ஒரு மைல் விலகும். இங்கே மைல் என்பது நாட்டிகல் மைல், 1.852 கிலோமீட்டர். இதற்கு நம் ஊரைவிட நல்ல வரைபடம் கிடையாது. திருச்சி விமான நிலையம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் நான்கும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோட்டில், மேற்கிலிருந்து கிழக்காக இருக்கின்றன. திருச்சியில் ஏறி 090-ஐப் பிடித்துக்கொண்டு போனால் தஞ்சாவூர் மேல், திருவாரூர் மேல் போய், 65 மைலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்ததும் நாகை கடற்கரை. இதையே 095-இல் பிடித்தால்? அஞ்சு டிகிரி, 60 மைலுக்கு 5 மைல் விலகல், கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் தெற்கே. நாகைக்குப் பதிலாக வேளாங்கண்ணியில் போய் நிற்பீர்கள். மாதாவைக் கும்பிட்டுவிட்டு வரலாம், ஆனால் கேமில் பணி தோல்விதான்.

காற்று இருக்கிற கேமாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடும்போது தஞ்சை மாவட்டக் கரையிலிருந்து வடகரைக்குப் படகில் போனவர்களுக்குத் தெரியும், நேராக எதிர்க்கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டால் கிழக்கே அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் படகின் மூக்கை மேற்கே சாய்த்து, ஒரு 330 பார்த்து வைத்துப் போட்டால்தான் படகு 360-இல் நகரும். மூக்கு பார்ப்பது ஹெடிங், படகு உண்மையில் நகர்வது வேறு, அதைத் தடம் என்று வைத்துக்கொள்வோம். பேரிங்கை நேராகப் பார்த்து மூக்கை வைத்தும் அது மெல்ல மெல்ல ஒரே பக்கம் நழுவிக்கொண்டே போனால் காற்று தள்ளுகிறது என்று புரிந்துகொண்டு, எண் நழுவுகிற பக்கமாகவே கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி வைத்துப் பாருங்கள், எண் நிற்கும்வரை.

ரன்வே எண்களும் இதே டிகிரிதான், கடைசி சைபரைத் தூக்கிவிடுவார்கள். திருச்சி ரன்வே 09/27. ஒரு முனையிலிருந்து இறங்கினால் ஏறக்குறைய 090-ஐப் பார்த்து ஓடுவீர்கள், மறுமுனையிலிருந்து இறங்கினால் 270. சென்னையில் 07/25 ஒன்று, 12/30 ஒன்று. இரண்டு எண்ணுக்கும் எப்போதும் 18 வித்தியாசம் இருக்கும், 180-இல் சைபர் போனது. கேம் "ரன்வே 27-இல் இறங்கு" என்றால் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மேற்கே பார்த்து வர வேண்டும் என்று அர்த்தம். நிலையத்தைச் சுற்றி இறங்கும் வழக்கமான வட்டம் இடது திருப்பமாகவே இருக்கும்: 090-இல் ரன்வேக்குப் பக்கவாட்டில் போய், இடது திரும்பி 360, மறுபடி இடது திரும்பி 270, இறக்கம். நம் கணக்கில் அது அப்பிரதட்சணம். எண் இறங்கிக்கொண்டே வருவதைக் கவனியுங்கள்: 90, பிறகு 0, அதாவது 360, பிறகு 270.

கட்டுப்பாட்டுக் குரல் எப்போதும் மூன்று இலக்கமாகத்தான் சொல்லும், 90-ஐ "ஜீரோ நைனர் ஜீரோ" என்று. நைனைத் தனியாகச் சொன்னால் வானொலி இரைச்சலில் ஃபைவ் மாதிரி கேட்டுவிடும் என்பதால் அந்த வால். காம்பஸ் ஊசி காட்டும் வடக்கும் நிஜ வடக்கும் ஒன்றல்ல என்று யாராவது பயமுறுத்தினால், நம் பக்கம் அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான், இப்போதைக்கு விட்டுவிடலாம்.

சரி, ஒரு பயிற்சி. கேம் கூட வேண்டாம், புளியங்கொட்டை அட்டை போதும். திருச்சியில் ஏறி 090-இல் நாகை வருகிறீர்கள். அங்கிருந்து கோடியக்கரை கிட்டத்தட்ட நேர் தெற்கே, 29 மைல், ஹெடிங் 180, ஆக வலது 90. கோடியக்கரையில் கரை மேற்கே மடங்குகிறது, அதிராம்பட்டினத்துக்கு ஏறக்குறைய 275. 180-இலிருந்து 275, வலது 95. இதுவரை எண் ஏறிக்கொண்டே வந்ததால் எந்தத் தொல்லையும் இல்லை. இப்போது அதிராம்பட்டினத்துக்கு மேலே 275-இல் பறந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் மன்னார்குடி 20 மைல் தூரத்தில், பேரிங் 010 என்கிறது. எந்தப் பக்கம் திரும்புவீர்கள், எத்தனை டிகிரி?